தெருவிலிருந்து ஆறுதலுக்கு: ராமநாதபுரம் கடற்கரையில் மீட்ட நாய்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன் பக்கம் அடிபட்ட தெருநாய்களை எடுத்துத் தேற்றும் வேலையில் நாங்கள் சிலர் இருக்கிறோம். தேறிய நாய்களில் மிகச் சில, புயலையும் கடல் சாவையும் பார்த்த மனிதர்கள் பக்கத்தில் போய் உட்காரப் பழகுகின்றன. ஏலக்கூடத்திலும் பள்ளிக்கூட வாசலிலும் போனிலும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் எங்கள் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறோம்.

ஆறுதல் நாய் என்பது என்ன? போலீஸ் நாய் மாதிரியா?

இல்லை. போலீஸ் நாய் மோப்பம் பிடிக்கும். அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நாய்கள் இடிபாட்டுக்குள் உயிரோடு இருப்பவரைத் தேடும். கண் தெரியாதவருக்கு வழிகாட்டும் நாய் ஒரே ஒருவருக்காக நாள் முழுக்க வேலை செய்யும். ஆறுதல் நாயின் வேலை வேறு. தன்னை வளர்ப்பவரோடு போய், முன்பின் தெரியாத மனிதர்கள் பக்கத்தில் அமைதியாக இருக்கும். தொட்டால் தொட விடும். அழுதால் பயந்து ஓடாது. மருத்துவர் வகுத்த சிகிச்சையின் ஒரு பகுதியாக, குறிப்பிட்ட நோக்கத்தோடு அதே நாய் கலந்துகொண்டால் அதைச் சிகிச்சை நாய் என்பார்கள். நாங்கள் செய்வது பெரும்பாலும் முதல் வகை. எங்கள் நாய் யாருடைய நோயையும் குணப்படுத்தும் என்று நாங்கள் சொல்வதில்லை. யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.

அடிபட்டுத் தேறிய நாய்க்கு மனிதரின் துக்கம் புரியும் என்கிறார்களே?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் அனுபவத்தில் அது உண்மையில்லை. பட்ட அடி ஒரு நாயைப் பக்குவப்படுத்துவதில்லை, பெரும்பாலும் பயப்படத்தான் வைக்கிறது. மழையில் கட்டிப்போட்டு விட்டுப்போன நாய் இடி இடித்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும். கல்லடி வாங்கிய நாய், யாராவது குனிந்தால் போதும், பல்லைக் காட்டும். கையில் கம்போடு நிற்கும் ஆளைப் பார்த்து நடுங்கும் நாயைத் துடுப்பும் கழியும் கிடக்கும் கரைக்குக் கூட்டிப்போவது அதற்குச் செய்யும் கொடுமை.

பட்ட அடிக்குப் பிறகும் மனிதரைத் தேடி வருகிற குணம் சில நாய்களுக்கு இருக்கும். அந்தக் குணம்தான் இந்த வேலைக்கு ஆதாரம். அதில் ஒரு பகுதி பிறவியிலேயே வருவது. மீதி, குட்டியாக இருக்கும்போது, சுமாராக 3 வாரத்திலிருந்து 14 வாரத்துக்குள், மனிதக் கை பட்டுப் பழகியதில் வருவது. மீன் இறங்குதளத்தில் பிறந்து, வலை பின்னுகிறவர்கள் மடியில் உருண்டு வளர்ந்த குட்டிக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கிறது. காட்டுக் கருவேலத்துக்குள் பிறந்து ஆள் வாசனையே அறியாமல் வளர்ந்த நாய்க்கு எவ்வளவு அன்பு காட்டினாலும் அந்நியர் கூட்டம் வேதனைதான். அதற்காக அது மட்டமான நாய் ஆகிவிடாது. காப்பாற்றிய நாய்களில் பெரும்பாலானவை நல்ல வீட்டு நாயாகவோ நல்ல தெருநாயாகவோ வாழ்வதே சரி. நாயைக் காப்பாற்றியது அதனிடம் வேலை வாங்குவதற்காக இல்லை.

அப்படியானால் எந்த நாய் பொருந்தும்? எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

முதலில் காத்திருக்கிறோம். இங்கே வரும் நாய்கள் நெடுஞ்சாலையில் வண்டி ஏறியவை, சொறி பிடித்து ரோமம் கொட்டியவை, உண்ணிக் காய்ச்சலில் விழுந்தவை. மீன் கழிவோடு தூண்டில் முள்ளையும் சேர்த்து விழுங்கியவையும் உண்டு. புது இடத்துக்கு வந்த நாய் முதல் 3 நாள் திகைத்துக் கிடக்கும், 3 வாரத்தில் வீட்டு முறை பழகும், 3 மாதத்தில்தான் அதன் உண்மைக் குணம் தெரியும் என்று நாய் மீட்பில் இருப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். எல்லா நாய்க்கும் அது அப்படியே பொருந்தாவிட்டாலும், அவசரப்படக் கூடாது என்பதற்கு நல்ல கணக்கு. முதல் வாரத்தில் சாதுவாக இருக்கிற நாய் சாதுவாக இல்லாமல், பயத்தில் உறைந்து கிடப்பதாகவும் இருக்கலாம்.

அமெரிக்காவில் இந்தத் துறையில் பழைய அமைப்பான பெட் பார்ட்னர்ஸ், நாய்க்குக் குறைந்தது 1 வயது ஆகியிருக்க வேண்டும், கூட்டி வருபவரோடு குறைந்தது 6 மாதம் வாழ்ந்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம்.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்களைப் பார்ப்போம். அலுமினியச் சட்டியைத் தரையில் போட்டால் துள்ளி எழும், சரி, எந்த நாயும் எழும். எழுந்த பிறகு என்ன செய்கிறது? ஓடி ஒளிந்து அரைமணி நேரம் வராமல் இருந்தால் ஒதுக்கிவிடுவோம். திரும்பி வந்து சட்டியை மோந்து பார்த்தால் அடுத்த கட்டம். பலமாக அழும் குரல், நொண்டி நடக்கும் ஆள், குச்சி ஊன்றும் பாட்டி, ஹெல்மெட் போட்ட முகம், ஐஸ் பெட்டி இழுக்கும் சத்தம், ஒலிபெருக்கி என்று ஒவ்வொன்றையும் தூரத்திலிருந்து காட்டுகிறோம். நாய் அதைப் பார்த்துவிட்டுத் தானாக எங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்தத் திரும்பிப் பார்த்தல் வருகிற நாயை நம்பலாம்.

நாட்டு நாய் இதற்கு ஒத்துவருமா? லாப்ரடார்தானே நல்லது?

தாராளமாக ஒத்துவரும். வெயில் தாங்கும், தோல் நோய் குறைவு, நம் ஊர்ச் சத்தம் அதற்குப் புதிதில்லை. எல்லாவற்றையும்விட, மக்கள் அதைப் பார்த்து விலகி நிற்பதில்லை. ஜாதி நாயைக் கண்டால் “என்ன விலை?” என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். காதில் வெட்டுக்குறி உள்ள செவலை நாயைப் பார்த்தால் “இது எந்தத் தெரு?” என்கிறார்கள். பேச்சு அங்கிருந்து தானாக நடக்கும். நம் மாவட்டத்தின் பேரையே தாங்கிய மண்டை நாயையும் கேட்கிறார்கள். அது காவலுக்கும் வேட்டைக்கும் வளர்ந்த இனம், அந்நியரைச் சந்தேகிப்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. அந்தக் குணத்தை மாற்றப் பார்க்க வேண்டாம்.

பயிற்சியில் என்ன சொல்லித் தருகிறீர்கள்?

உட்கார், படு, இரு, விடு, வா. இவ்வளவுதான் சொல். சோறு சிந்தினாலும் பாயக் கூடாது, ஆள் மீது ஏறக் கூடாது, முகத்தை நக்கக் கூடாது. அடிப்பதும் அதட்டுவதும் அறவே கிடையாது. அடித்துப் பழக்கிய நாய் அடங்கியிருக்கும், ஆனால் அமைதியாக இருக்காது. துக்கத்தில் இருப்பவர்கள் அந்த வித்தியாசத்தைச் சட்டென்று உணர்ந்துவிடுகிறார்கள். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கரை முழுக்க ஆட்கள் படகு வேலை, வலை வேலை என்று இருப்பார்கள். நாயைக் கூட்டத்தோடு பழக்க அந்த 61 நாள் நல்ல வாய்ப்பு, வெயில் ஏறும் முன் வீடு திரும்பிவிட வேண்டும்.

நாயைவிட அதிகப் பயிற்சி தேவைப்படுவது கூட்டிப்போகிற ஆளுக்கு. வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரிய வேண்டும். “எல்லாம் சரியாயிடும்”, “ஆண்டவன் சோதிக்கிறான்” என்று எதையாவது சொல்லி மௌனத்தை நிரப்பத் தோன்றும். சொல்லக் கூடாது. எங்களில் பலருக்கு நாய் கற்றதைவிட மெதுவாகத்தான் இது வந்தது.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

இரண்டாம் உலகப் போரின்போது 1944இல் நியூகினித் தீவின் காட்டில், கைவிடப்பட்ட ஒரு பதுங்குகுழியில் ஒரு சின்ன யார்க்‌ஷயர் டெரியர் கிடைத்தது. வில்லியம் வின் என்ற அமெரிக்கச் சிப்பாய் அதை வாங்கி ஸ்மோக்கி என்று பெயரிட்டு வளர்த்தார். அவர் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்தபோது நண்பர்கள் நாயை அங்கே கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்த மற்ற காயம்பட்ட சிப்பாய்கள் தேறுவதைக் கவனித்து, ஆஸ்பத்திரிக்காரர்கள் வார்டு வார்டாக அதைக் கூட்டிப்போகச் சொன்னார்கள். பதிவில் உள்ள முதல் ஆறுதல் நாய் என்று பலர் சொல்வது ஸ்மோக்கியைத்தான். அதுவும் கண்டெடுத்த நாய்தான் என்பதில் எங்களுக்குத் தனி சந்தோஷம்.

1960களின் தொடக்கத்தில் போரிஸ் லெவின்சன் என்ற குழந்தை உளவியலாளர், பேசாமல் இருந்த ஒரு சிறுவன் தன் நாய் ஜிங்கிள்ஸ் அறையில் இருந்தபோது பேச ஆரம்பித்ததைப் பற்றி எழுதினார். சக நிபுணர்கள் சிலர் அதைக் கேலி செய்தார்கள். அப்புறம் 1995இல் ஓக்லஹோமா குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2001இல் நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகும் நாய்கள் போயின. ஆசியாவில் ஜில் ராபின்சன் என்ற விலங்குநல ஆர்வலர் 1991இல் ஹாங்காங்கில், நாய்களை ஆஸ்பத்திரிகளுக்குக் கூட்டிப்போகும் டாக்டர் டாக் என்ற திட்டத்தைத் தொடங்கினார். அந்த வழக்கம் பின்னால் சென்னைக்கும் வந்தது.

நாயைத் தொட்டால் மனம் லேசாகும் என்பதற்கு ஆதாரம் உண்டா?

ஓரளவு உண்டு. ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டால் இருவர் உடலிலும் ஆக்சிடோசின் கூடுவது தெரிந்தது. தாய்க்கும் சேய்க்கும் இடையில் சுரக்கிற அதே ஹார்மோன். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2019இல் 249 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், 10 நிமிடம் நாய் பூனைகளைத் தடவிக்கொடுத்தவர்களின் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது.

ஆனால் தேர்வுக் கவலையில் இருக்கும் மாணவரும் கடலில் தம்பியைப் பறிகொடுத்த அண்ணனும் ஒன்றில்லை. அந்தப் பத்து நிமிட நிம்மதி எத்தனை நாள் நிற்கும் என்பதை இந்த ஆய்வு சொல்லவில்லை. தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், அந்தக் காட்சியே திரும்பத் திரும்ப வந்து வாரக்கணக்கில் தவிப்பவருக்கு மருத்துவர் வேண்டும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் இலவச எண் 14416, எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரைப் பார்க்கலாம். நாயைக் கூட்டிப்போகிறவர்கள் இந்த எண்ணைச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும்.

புயல் அடித்த மறுநாளே நாயோடு வரலாமா?

வேண்டாம். முதல் நாட்களில் தேவைப்படுவது தண்ணீர், சோறு, உலர்ந்த துணி, காணாதவர் பற்றிய சரியான செய்தி. 2011இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக்கான கையேடு, பார், கேள், இணைத்துவிடு என்று மூன்றே சொல்லில் இதைச் சொல்கிறது. நடந்ததைச் சொல்லச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்பதும் அதில் உண்டு. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய நாளிலிருந்து பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் அடைந்து கிடப்பவர்கள் நடுவே ஒரு நாயைக் கொண்டுபோய் நிறுத்தினால், இன்னொரு வாய்க்குச் சோறு, இன்னொரு சத்தம், அவ்வளவுதான்.

எங்களுக்கு வேலை வருவது நிவாரண லாரி போன பிறகு. கேமரா போய்விடும், அதிகாரிகள் போய்விடுவார்கள், கடனும் உடைந்த படகும் வீட்டில் இருக்கும். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அது மாதிரி நாட்களுக்குப் பிறகு, ஈரம் காயும் வாரங்களில்தான் ஜனங்கள் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். அப்போது போகிறோம்.

சிலருக்கு அந்தக் காலம் பல பத்தாண்டு கழித்தும் வருகிறது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று தாத்தா பாட்டிகள். பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலை அலை அடித்துப்போன கதையை எல்லோரும் கேட்டுவிட்டார்கள், சொல்லிச் சொல்லி அவர்களுக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது. நாய் பக்கத்தில் படுத்திருக்கும்போது வேறு கதை வருகிறது. அன்று வீட்டில் என்ன குழம்பு, எந்த ஆடு கட்டிக் கிடந்தது, அம்மா யாரை முதலில் எழுப்பினாள். நாய் அந்தக் கதையை இதற்கு முன் கேட்டதில்லை என்பதாலோ என்னவோ.

2004 சுனாமியில் இலங்கை அலையை மறைத்துக்கொண்டதால் நம் மாவட்டத்தில் சாவு குறைவு. 6,000 பேருக்கு மேல் பறிகொடுத்த நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்த பெண்கள் இருக்கிறார்கள். டிசம்பர் 26 காலையில் அவர்கள் முகத்தைப் பார்த்தால் தெரியும். அந்த நாளில் கூப்பிட்டால் தட்டாமல் போகிறோம்.

ஒரு வீட்டுக்குப் போனால் என்னதான் நடக்கும்?

தங்கச்சிமடம் பக்கம் ஒரு வீடு. படகு கவிழ்ந்து தகப்பன் போய்விட்டார். நான்காவது படிக்கிற பையன் பள்ளிக்கூடம் போவதில்லை, கரைக்கும் வருவதில்லை, கேட்டதற்கு மட்டும் பதில். எங்கள் செவலையைக் கூட்டிப்போனோம். வாசல்படிக்கு வெளியே அது படுத்துக்கொண்டது. பையன் திண்ணையில் உட்கார்ந்து நைலான் நூலை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். “சும்மா தொட்டுப் பாருடா, ஒண்ணும் செய்யாது” என்று அப்பத்தா அவன் கையைப் பிடித்து இழுக்கப் போனார். “வேண்டாம் அப்பத்தா, அவனே பார்த்துக்கட்டும்” என்றோம். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. செவலை தூங்கவே ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் அவன் கேட்டான்: “இதுக்குக் காது ஏன் அறுந்திருக்கு?”

கருத்தடை ஆபரேஷன் செய்த நாய்க்கு அடையாளமாகக் காது நுனியை வெட்டுவார்கள் என்று சொன்னோம்.

“வலிச்சிருக்குமா?”

மயக்க ஊசி போட்டுத்தான் செய்வார்கள், முழித்த பிறகு கொஞ்சம் வலித்திருக்கும் என்றோம். வலித்திருக்காது என்று பொய் சொல்லவில்லை. பையன் அதை யோசித்தான். இது நீந்துமா, எவ்வளவு தூரம் நீந்தும், தண்ணி குளிர்ந்தா நீந்துமா என்று வரிசையாகக் கேட்டான். அவன் எதைக் கேட்கிறான் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்த வரை பதில் சொன்னோம். அன்றைக்கு அவன் நாயைத் தொடவில்லை. மறுவாரம் நாங்கள் தெருமுனையில் வரும்போதே எழுந்து வந்து தண்ணீர்ச் சட்டியை வைத்தான்.

பேரிடர் ஒரு மனிதனிடமிருந்து முதலில் பறிப்பது, தானாக ஒன்றைத் தீர்மானிக்கும் உரிமையை என்று நாங்கள் நினைக்கிறோம். கடல் கேட்காமல் எடுத்துக்கொள்கிறது. அப்புறம் போ, வா, வரிசையில் நில், கையெழுத்துப் போடு, அழாதே, சாப்பிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பையனுக்கு நாயைத் தொடாமல் இருக்க உரிமை இருந்தது. அவன் கூப்பிட்டால்தான் நாய் எழுந்து போகும். நாய்க்கும் அதே உரிமை உண்டு, பிடிக்காவிட்டால் எழுந்து வெளியே போகலாம். இந்த ஒரு விதியை விட்டால் எங்கள் வேலையில் வேறு ஒன்றும் மிஞ்சாது.

கடலுக்குப் போனவர் திரும்பவே இல்லை, உடலும் கிடைக்கவில்லை. அந்த வீட்டுக்கும் வருவீர்களா?

வருகிறோம். அதுதான் எல்லாவற்றிலும் கடினமான வீடு. சாவு என்று அழவும் முடியாது, வருவார் என்று சொல்லவும் முடியாது. பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் இந்த மாதிரி முடிவு தெரியாத இழப்பை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். துக்கத்தில் இருப்பவரின் மனம் பலவீனம் என்று நினைக்காதீர்கள், அந்த நிலைமையே மனித மனம் தாங்கக் கூடியதாக இல்லை என்பது அவர் சொன்னதின் சாரம். சட்டத்திலும் 7 ஆண்டு செய்தி இல்லாமல் இருந்தால்தான் இறந்தவராகக் கொள்வது பொது விதி. அதுவரை உதவித்தொகைக்கும் அலைச்சல். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருப்பவரின் வீட்டிலும் இதே காத்திருப்புதான், தேதி மட்டும் தள்ளித் தள்ளிப் போகும்.

இந்த வீடுகளில் நாய் ஒன்று செய்கிறது: எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. ஊரே “தகவல் ஏதும் வந்துச்சா?” என்று கேட்கிற வீட்டில் அது பெரிய உதவி.

நாங்கள் முஸ்லிம்கள். நாய் எச்சில் பட்டால் 7 முறை கழுவ வேண்டும். எங்கள் தெருவில் யாருக்கும் இது ஒத்துவராதே?

நீங்கள் சொல்வது சரி. கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையில் முஸ்லிம்கள் நிறைய வாழ்கிறார்கள், இஸ்லாமியச் சட்ட வழிமுறைகளில் ஒன்றான ஷாஃபியில் இதில் கண்டிப்பு அதிகம். தாகத்தில் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் கொண்டுவந்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட ஹதீஸை எங்களுக்குச் சொன்னதே கீழக்கரைப் பெரியவர்கள்தான். ஆனால் அதைக் காட்டி யாருடைய வீட்டுக்குள்ளும் நாயை நுழைக்க மாட்டோம். தொழுகிற இடம், தர்கா, சமையல் நடக்கும் இடம் பக்கம் கூட்டிவருவதில்லை. பொது முகாமாக இருந்தால் யாருக்கெல்லாம் வேண்டாம் என்று முதலில் கேட்டு, அவர்கள் நடக்கும் வழியை விட்டுத் தள்ளி உட்காருகிறோம்.

அப்புறம், பூனை இருக்கிறது. பூனைக்கு இந்தத் தடை கிடையாது. மீன் கரையில் தப்பிப் பிழைத்த பூனைகளில் கூடையில் அமைதியாக உட்கார்ந்து, அந்நியர் மடிக்கு மாறுகிற குணமுள்ளவை அபூர்வமாகக் கிடைக்கின்றன. கிடைத்தால் அது பொக்கிஷம்.

இந்து, கிறிஸ்தவ வீடுகளிலும் விருப்பம் கேட்காமல் போவதில்லை. பைரவரின் வாகனம் என்று கும்பிடுகிறவரும் இருக்கிறார், காலடியில் நாயோடு நிற்கும் ஆரோக்கியநாதரை நினைத்துக்கொள்பவரும் இருக்கிறார், நாய் என்றாலே அருவருப்பவரும் இருக்கிறார். மூவர் சொல்லும் ஒன்றுபோலச் செல்லும்.

வெறிநோய் வந்துவிடாதா?

பயப்படுவது நியாயம். உலகில் வெறிநோயால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எங்கள் நாய்களுக்கு 3 மாத வயதில் முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும். குடற்புழு நீக்கம், உண்ணி மருந்து, எலிக்காய்ச்சல் தடுப்பூசி எல்லாம் உண்டு. வெள்ளம் வடிந்த இடத்தில் எலிக்காய்ச்சல் தடுப்பூசி இல்லாத நாயைக் கூட்டிப்போகவே கூடாது. பச்சை மாமிசம் கொடுப்பதில்லை. போவதற்கு முன் குளிப்பாட்டி நகம் வெட்டுகிறோம். ஊசி அட்டையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், காட்டாதவரை அனுமதிக்காதீர்கள்.

எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி இலவசம். முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 28 ஆம் நாட்களில் தவறாமல் போட வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் புண்ணில் வைக்கக் கூடாது.

நாய் கடித்து நாயைக் கண்டாலே பயப்படும் குழந்தைக்கு இது உதவுமா?

அதற்கு மனநல மருத்துவர் சொல்லித்தான் செய்ய வேண்டும். நாங்களாகச் செய்வதில்லை.

ஏர்வாடியில் மனநலச் சிகிச்சைக்கு வந்திருப்பவர்களிடம் கூட்டிப்போகலாமா?

மருத்துவர் கேட்டால், ஒவ்வொருவர் சம்மதத்தோடும் மட்டும். ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். அந்த ஊரில், சங்கிலியில் கட்டப்பட்ட ஒரு நாயை ஆறுதல் என்று சொல்லிக் கொண்டுவந்து நிறுத்தக் கூடாது. எங்கள் நாய்களுக்கு இரும்புச் சங்கிலியே கிடையாது. மார்பில் மாட்டும் துணிப் பட்டையும் பருத்திக் கயிறும்தான். கட்டப்பட்ட அனுபவம் உள்ள ஒருவர் அந்தக் கயிற்றையும் பார்த்து முகம் மாறினால், நாயோடு திரும்பி வந்துவிட வேண்டும்.

நாய்க்கு இது கஷ்டமில்லையா?

கவனிக்காவிட்டால் கஷ்டம்தான். தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, ஒன்றும் தின்னாமலே உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் வெள்ளை தெரியப் பார்ப்பது, நனையாமலே உடம்பை உதறுவது, வாலை இடுக்குவது. இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கு வேலை முடிந்தது. பெட் பார்ட்னர்ஸ் விதி ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது. இந்த வெயிலுக்கு அதில் பாதியே அதிகம். புறங்கையை மணலில் வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதன் பாதமும் வேகும். மறுநாள் முழு ஓய்வு. வயதாகி, மூட்டு வலி வந்த நாயைப் படமெடுப்பதற்காகக்கூட வெளியே இழுக்கக் கூடாது.

என் நாய்க்குச் சான்றிதழோ சட்டையோ வாங்கினால் போதுமா?

இணையத்தில் விற்கும் அட்டையும் மேல்சட்டையும் எதையும் நிரூபிப்பதில்லை. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், விலங்குவழிச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர் ஒருவரிடம் நாயின் குணத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். தெருநாயாக இருந்தால் 2023 விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடையும் ஊசியும் முதலில். ஒரு வருடம் பொறுத்த பிறகும் நாய்க்கு இந்த வேலை வேண்டாம் என்றால், வேண்டாம்தான்.

நாய் வளர்க்க முடியாது, ஆனால் உதவ ஆசை. என்ன செய்யலாம்?

நிறைய. ஆட்டையும் நாயையும் விட்டுவர மனமில்லாமல் புயல் நேரத்தில் வீட்டிலேயே தங்கிவிடுகிறவர்கள் நம் கரையிலும் உண்டு. 2005இல் கத்ரினா புயலில் அமெரிக்காவில் இதனாலேயே பலர் வெளியேற மறுத்தார்கள். அதன் பிறகு 2006இல் பேரிடர்த் திட்டங்களில் வளர்ப்பு விலங்குகளையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டமே வந்தது. நம் ஊர்ப் புயல் பாதுகாப்பு மையத்தில் விலங்குகளுக்கு ஒரு தனிக் கொட்டகை ஒதுக்கச் சொல்லி கிராமசபைக் கூட்டத்தில் மனு கொடுங்கள். வாடைக் காலம் தொடங்குவதற்குள், அக்டோபர் 2 கூட்டத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது. மீன் கழிவைக் குவிக்கும் இடத்தில் தூண்டில் முள்ளைத் தனியாகப் போட ஒரு டப்பா வையுங்கள். கூண்டு ஏற்றிய செய்தி கேட்டதும் வீட்டை விட்டுக் கிளம்புவதாக இருந்தால், கூட்டிப்போக முடியாத நாயையும் ஆட்டையும் கட்டிவைக்காமல் அவிழ்த்துவிட்டுக் கிளம்புங்கள்.